உன் ஆய்வேட்டின் முன்னுரையில் ஒரு திருத்தம்

பாப்பாவுக்கு,

முப்பத்தோரு வருடம் தாலுகா அலுவலகத்தில் 'பொருள்', 'பார்வை' என்று எழுதிப் பழகிய கை இது. மகளுக்கு எழுத உட்கார்ந்தாலும் முதலில் அதுதான் வருகிறது. வந்ததை ஏன் தடுக்க வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டும். பொருள்: உன் ஆய்வேட்டின் முன்னுரையில் உள்ள தவறான வாக்கியம் ஒன்றைத் திருத்துவது தொடர்பாக. பார்வை: போன மாதம் நீ போனில் எனக்குப் படித்துக் காட்டியது. நீ படித்து முடித்ததும் "நல்லாருக்கு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அன்றிலிருந்து இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதினெட்டு நாளில் நீ மங்கோலியாவுக்கு விமானம் ஏறுகிறாய். இரண்டு வருடம் அங்கே இருந்து, ஆய்வை முடித்துத்தான் வருவாய். அதற்குள் சொல்லிவிட வேண்டும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் கடிதம். இதை யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் செய்ததைத் தெருவே நின்று பார்த்தது. வருத்தம் தெரிவிப்பதை மட்டும் மூடிய உறைக்குள் செய்வது முறையாகாது.

நீ எழுதியிருக்கும் வாக்கியம் இது: 'ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்தியக் குடும்பம் ஒன்று எங்கள் வீட்டு முன்னறையில் நான்கு குளிர்காலம் தங்கியது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டார்கள்.' முதல் வாக்கியம் சரி. இரண்டாவது பொய். பொய் உன்னுடையதல்ல, நான் உனக்குச் சொன்னது. நீ அதை நம்பி வளர்ந்தாய். எவ்வளவு நம்பினாய் என்றால், மைசூருக்கு அப்பால் இருக்கும் திபெத்தியர் குடியிருப்புக்கு ஆய்வுக்காக நான்கு முறை போயும் அந்தக் குடும்பத்து டோல்மாவைப் பற்றி ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. நான் ஒருமுறை நூல் விட்டுப் பார்த்தேன். "சொல்லாமப் போனவங்கள நான் ஏம்மா தேடணும்?" என்றாய். உன் குரலில் இன்னும் அந்தப் பத்து வயதுக் கோபம் இருந்தது. அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் இந்த வீடு.

உனக்கு நினைவிருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். உன் அப்பா அப்போது புதுக்கோட்டை திருச்சி தடத்தில் கண்டக்டர். ஒரு ஐப்பசியில், பெரிய பெரிய மூட்டைகளோடு பஸ்ஸில் ஏறிய ஒரு கணவன் மனைவியைக் கையோடு வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "பாவம், பொங்கல் வரைக்கும் தங்க எடம் தேடுறாங்க. முன்னறை சும்மாத்தானே கெடக்கு" என்றார். அவர் அப்படித்தான், வழியில் கிடைப்பதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வருவார். டோல்மாவின் கணவர் அதிகம் பேச மாட்டார். டோல்மா பேசுவாள், தெரிந்த நாற்பது தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பேசிவிடுவாள். கீழ ராஜ வீதிப் பக்கம் கயிறு கட்டி ஸ்வெட்டர்களைத் தொங்கவிட்டு விற்பார்கள். தெருவில் எல்லோரும் அவளை நேபாளத்துக்காரி என்றார்கள். நானும்தான் சொன்னேன். நீ மட்டும் ஆறு வயதிலேயே, "நேபாளம் இல்ல, திபெத்து" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தாய். பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு முன்னறைக்குப் போய்விடுவாய். நீ அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதாக நினைப்பு. அவள் உன் கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் எழுத்தில் உன் பெயரை எழுதிக் காட்டுவாள். அலுவலகத்திலிருந்து களைத்து வரும்போது உங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்குச் சற்று எரிச்சலாக இருக்கும். பொறாமை என்றே எழுதுகிறேன், இந்த வயதில் அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

நான்காவது வருடம் மார்கழியில் உன் அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். திருச்சியில் ஆபரேஷன். அதற்கு முந்தின நாளே உன்னைத் திருமயத்தில் சித்தி வீட்டில் விட்டுவிட்டோம், அதனால் நடந்தது எதையும் நீ பார்க்கவில்லை. காலையில் வாசலில் வாடகைக் கார் நின்றது. வழியனுப்ப உன் அத்தை, அக்கம்பக்கத்தார் என்று பத்துப் பேர் கூடியிருந்தார்கள். எல்லோரும் மனதுக்குள் என்ன நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் நினைத்தேன். அந்த நேரத்தில் டோல்மா முன்னறையிலிருந்து வந்தாள். தலைக்குக் குளித்து, பட்டைப் பட்டையாகக் கோடு போட்ட முன்துணி ஒன்றை இடுப்பில் கட்டியிருந்தாள். அதை அதற்கு முன் அவள் கட்டி நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் ஏந்தி, அதன் மேல் மடிப்புக் கலையாத நீளமான வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்தாள். உன் அப்பாவின் முன் குனிந்து, அதை அவர் கழுத்தில் போட்டாள். "அண்ணா, நல்லா போய் நல்லா வரும்" என்றாள்.

நம் வழக்கத்தில் புது வெள்ளைத் துணி ஒருவர் மேல் எப்போது விழும் என்று உனக்குத் தெரியும். இறந்தவருக்குப் போடும் துணி அது, கோடி என்போம். உன் அத்தை வாயில் கை வைத்து, "அடி ஆத்தி! உசுரோட இருக்கவனுக்குக் கோடி போடுறாளே!" என்று கத்தினார். எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. அவர் கழுத்திலிருந்து அந்தத் துணியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். டோல்மாவை என்னென்ன சொன்னேன் என்பது முழுவதும் நினைவிருக்கிறது, இங்கே எழுதப் போவதில்லை. "என் தாலிய அறுக்கவா வந்த?" என்பதுதான் அவற்றில் மரியாதையானது. ஏந்திய கைகள் ஏந்தியபடியே இருந்தன. சொல்லித்தர யாரும் இல்லாத குழந்தை வகுப்பில் நிற்பது போல நின்றாள். உன் அப்பா என்னைப் பார்த்தார், பிறகு போய்க் காரில் உட்கார்ந்தார். நானும் ஏறிக்கொண்டேன். கார் கிளம்பி நாலடி போயிருக்காது, "நிப்பாட்டு, கண்ணாடிய மறந்துட்டேன்" என்று கையிலிருந்த எக்ஸ்ரே உறையோடு இறங்கினார். கிளம்பிய பிறகு திரும்பினால் ஆகாது என்று நான் அதற்கும் புலம்பினேன். இரண்டு நிமிடத்தில் வந்து, உறையை என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நார்த்தாமலை தாண்டும்போது முத்துமாரியம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேண்டுதலோடு வேண்டுதலாக, அந்தத் துணியின் தோஷம் ஒட்டக் கூடாது என்றும் சேர்த்துக் கேட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் கண் திறந்ததும் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், நல்லவேளை அதைப் பிடுங்கி எறிந்தோம் என்பதுதான். அன்று மாலையே ஆஸ்பத்திரி வாசலிலிருந்து உன் மாமாவுக்குப் போன் செய்தேன். "நாங்க வர்றப்ப அந்த ரூம் காலியா இருக்கணும்டா. ஏன் எதுக்குன்னு கேக்காத" என்றேன். என் தம்பி நல்ல பிள்ளை, கேட்கவில்லை. மார்கழி மாதத்தில் நம்மில் யாரும் வீடு மாற்ற மாட்டோம். நான் அவர்களை மார்கழியில் வெளியேற்றினேன். அவள் உன்னைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று உன் மாமா பிற்பாடு சொன்னான். நீ திருமயத்திலிருந்து வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. "பாப்பா எப்ப வரும்?" என்றாளாம். அவன், தெரியாது என்று சொல்லிவிட்டான்.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். காலி முன்னறையைப் பார்த்து உன் அப்பா கேட்டபோது, "சீசன் முடிஞ்சிருச்சுன்னு கெளம்பிட்டாங்க" என்றேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பொங்கலுக்கு முழுதாகப் பதினேழு நாள் இருந்தது. "சரி" என்றார். அதே பதிலைத்தான் உனக்கும் சொன்னேன். நீ மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஐப்பசியில் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாய். "இந்த வருஷம் வேற ஊருக்குப் போய்ட்டாங்களாம்" என்றேன். அதற்கடுத்த ஐப்பசியில் நீ உட்காரவில்லை. ஒரு பொய்யை ஒரே ஒருமுறைதான் சொன்னோம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது அடிக்கடி தீனி கேட்கும், அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கும்.

பிறகு நீ கல்லூரியில் வரலாறு படித்தாய். அதை முடித்துவிட்டு, திபெத்தியரும் மங்கோலியரும் பகிர்ந்துகொள்ளும் பௌத்தப் பண்பாட்டைப் படிக்க வடக்கே போகிறேன் என்று வந்து நின்றாய். நான் போட்ட கூச்சலை நீ மறந்திருக்க மாட்டாய். குரூப் டூ எழுதினால் ஒரே வருடத்தில் உத்தியோகம், அதை விட்டுவிட்டு யாரோ எவரோ கும்பிடுவதைப் படித்து என்ன செய்யப் போகிறாய், அது எதற்கு உதவும் என்றேன். உன் அப்பாதான், "படிக்கட்டும் விடு. நம்ம வீட்ல அந்த எழுத்தப் படிக்க ஒரு ஆள் இருக்கட்டுமே" என்றார். மகளுக்குச் செல்லம் கொடுக்கிறார் என்று நினைத்தேன். நீ கிளம்பிப் போன மறுவருடம் அவர் போய்ச் சேர்ந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு பதினோரு வருடம் நன்றாக இருந்தார், அதில் குறையில்லை.

அவர் போன பிறகுதான் நீ எனக்கு வாரம் ஒருமுறை பாடம் எடுக்க ஆரம்பித்தாய். தனியாக இருக்கிறேனே என்று எடுத்தாய் போலிருக்கிறது. பாதி புரியாது, ஆனால் கேட்பேன். மங்கோலியத் துறவிகள் தலைமுறை தலைமுறையாகத் திபெத்திய மொழியில் ஓதுகிறார்கள் என்றாய். நம் கோயில் மந்திரம் நமக்குப் புரியாத மாதிரியா என்று கேட்டேன். "இல்லம்மா, அவங்கள்லயே பெரிய பெரிய பண்டிதர்கள் அந்த மொழியில புத்தகமே எழுதியிருக்காங்க" என்றாய். திபெத்தின் பெரிய குருவுடைய பட்டப்பெயரில் முதல் பாதி மங்கோலியச் சொல், பின் பாதி திபெத்தியச் சொல் என்றாய். கேட்டதும் இரண்டு வீட்டு இனிஷியலும் போட்டுக்கொண்ட பிள்ளை போல இருக்கிறதே என்றேன், நீ அதை நோட்டில் குறித்துக்கொண்டாய். மங்கோலியாவில் ஒரு காலத்தில் மடங்களையெல்லாம் இடித்துப் போட்டார்கள், சாமி கும்பிட்டால் ஆபத்து என்று இருந்தது, சனங்கள் சுவடிகளையும் படங்களையும் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்து, ஐம்பது அறுபது வருடம் கழித்துக் காலம் மாறியதும் வெளியே எடுத்தார்கள் என்றாய். அதன் பிறகு ஓதச் சொல்லித்தர இந்தியாவில் இருக்கும் திபெத்தியக் குடியிருப்புகளிலிருந்து ஆசிரியர்கள் போனார்கள், இப்போது அங்கிருந்து பிள்ளைகள் கர்நாடகத்துக்கு வந்து படிக்கிறார்கள் என்றாய். ஒருவர் இழந்ததை இன்னொருவர் வைத்திருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. உன்னிடம் சொல்லவில்லை.

இரண்டு வருடம் முன்பு நீ ஒரு படம் அனுப்பினாய். ஏதோ கருத்தரங்கு. உன் கழுத்தில் நீளமான வெள்ளைத் துணி. உடனே போன் போட்டு, "எதுக்குடி கழுத்துல வெள்ளத் துணியப் போட்டிருக்க?" என்று கத்தினேன். நீ சிரித்தாய். "அது ஆசீர்வாதம்மா. கத்தான்னு பேரு. ஊருக்குக் கெளம்புனா, கல்யாணம்னா, கொழந்த பொறந்தா, பெரியவங்களப் பாத்தா, எல்லாத்துக்கும் அதத்தான் போடுவாங்க. செத்தவங்களுக்கும் அதேதான். மங்கோலியால இதே துணி நீலமா இருக்கும், அவங்களுக்கு வானம்தான் சாமி. ஆனா அங்கயும் வெள்ளைன்னா நல்லதுதாம்மா, வருஷப் பொறப்பையே வெள்ளை மாசம்னுதான் சொல்றாங்க." நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாய். டோல்மா அன்று நீலத் துணியைக் கொண்டுவந்திருந்தால் நான் பிடுங்கியிருக்க மாட்டேன் என்று கொஞ்ச நேரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மையல்ல. நான் பயந்து போயிருந்தேன், யார் மேலாவது பாய வேண்டியிருந்தது. ஊர்க்காரர் மேல் பாய்ந்தால் நாளைக்கு அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். அவள் வெளியூர்க்காரி. அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு வருடம் சொல்லாமல் இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

போன வாரம் விசாவுக்கு என்று அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல் கேட்டாய் அல்லவா. அதற்காக அவருடைய ஆஸ்பத்திரிப் பையை எடுத்தேன். அவர் போன பிறகு அதை நான் தொட்டதில்லை. சான்றிதழ் அதில் இல்லை, அது பீரோவில் இருந்தது, அனுப்பியிருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயின் பெரிய பழுப்பு உறை மட்டும் தடிப்பாக இருந்தது. உள்ளே கையை விட்டேன். அந்த வெள்ளைத் துணி. பிற்பாடு எப்போதோ துவைத்து, நான்காக மடித்து வைத்திருந்தார். ஓரத்தில் மட்டும் நம் தெருச் செம்மண் கறை கொஞ்சம் போகாமல் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லிக் காரிலிருந்து இறங்கியபோது, கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

ஆக, அந்த உறை ஆபரேஷனுக்கும் அவரோடுதான் வந்தது. என் மடியில்தான் வைத்துக்கொண்டு போனேன். எதைப் பிடுங்கி எறிந்ததால் அவர் பிழைத்தார் என்று பதினோரு வருடமும் அதற்கு மேலும் நம்பினேனோ, அது அத்தனை நாளும் அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அதனால்தான் பிழைத்தார் என்று இப்போது புரட்டிப் போட்டுச் சொல்லவும் நான் தயாராக இல்லை. டாக்டர் கைராசிக்காரர். துணி வெறும் துணிதான். அதைக் கொண்டுவந்தவளின் மனசுதான் நான் தெருவில் எறிந்தது. உறையின் முன் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். எனக்கு அழுகை அவ்வளவு சீக்கிரம் வராது, உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. வருடா வருடம் மார்கழியில் பரிசோதனைக்குத் திருச்சி போய்விட்டு வரும்போதெல்லாம் அவர் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வருவார். மார்கழியிலும் மின்விசிறி ஓடும் ஊரில் எதற்கு இது என்று நான் திட்டாத வருடமில்லை. "காலைல பஸ்ல குளுருது" என்பார். ஒன்றையும் அவர் போட்டு நான் பார்த்ததில்லை. ஏழு ஸ்வெட்டர், பீரோவின் அடித்தட்டில், பிரிக்காமல் இருக்கின்றன. ஏழு வருடத்துக்குப் பிறகு ஏன் வாங்குவதை நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. துணியின் மடிப்புக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம், கோட்டிலிருந்து கீழே தொங்குகிற மாதிரி அந்த எழுத்துகள், மூன்று வரி. உன் கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பார்த்த அதே கையெழுத்து. முன்பக்கத்துத் தேதியைப் பார்த்தால் ஆபரேஷனுக்கு ஏழு வருடம் கழித்து எழுதியது. அவர் அவளைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். வருடம் தவறாமல் போய்ப் பார்த்து, அந்த ஸ்வெட்டர்களை அவளிடம்தான் வாங்கியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. நீ வடக்கே போய் அந்த எழுத்தைக் கற்ற பிறகாவது உன்னிடம் கொடுத்திருந்தால் நீ படித்திருப்பாய். ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் அதை உன்னிடம் காட்ட அவருக்கு வழி இருக்கவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார். நான் அவரைக் காக்க வைத்தே அனுப்பிவிட்டேன்.

மங்கோலியாவுக்குப் போகிற பெண்ணுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். அங்கே யாராவது உனக்குப் புரியாத ஒன்றை உன் முன் நீட்டினால், என்ன இது என்று முதலில் கேள். கேட்க மொழி தெரியாவிட்டால் சும்மா இரு. நீ எப்படியும் கேட்பவள்தான், ஆறு வயதிலேயே கேட்டாய். அப்புறம், அப்பாவின் ஸ்வெட்டரில் நாலையாவது எடுத்துக்கொண்டு போ. அந்தக் குளிருக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று சொல்வாய். கோட்டுக்கு உள்ளே போட்டுக்கொள். கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் படிப்பு எதற்கு உதவும் என்று கேட்டவள் நான். இதைப் படிக்க இந்த வீட்டில் உன்னைத் தவிர யாரும் இல்லை. விலாசமாக இருந்தால், நீ விமானம் ஏறுவதற்கு முன் என்னையும் கூட்டிக்கொண்டு போ. துணியை நான் கையில் எடுத்து வருகிறேன். எப்படி ஏந்த வேண்டும் என்று பஸ்ஸில் சொல்லிக்கொடு. என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் மழுப்பாமல் உள்ளதை உள்ளபடி படித்துக் காட்டு. நீ என்னோடு பேசாமல் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்றாலும் இரு, பதினெட்டு நாளுக்குள் முடித்துக்கொள். அவளுக்கு இப்போது அறுபதுக்கு மேல் இருக்கும், எனக்கும்தான்.

திருத்தம் இதுதான். 'ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டார்கள்' என்பதை அடித்துவிட்டு, 'என் அம்மா அவர்களை விரட்டிவிட்டாள்' என்று எழுது. பதிவேட்டில் எதை அடித்துத் திருத்தினாலும் பக்கத்தில் பொறுப்பானவர் கையெழுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. கீழே போட்டிருக்கிறேன்.

அம்மா